மீன் நாற்றம் அடிக்கும் பெட்டி

"கம்ப்யூட்டர் போச்சு, மாத்தணும்!"

வண்டிக்காரர் கேட்கவே பயப்படுகிற வார்த்தை இது. ஒரு ஃப்யூஸோ வயரோ போனால் பரவாயில்லை. இன்ஜின் கம்ப்யூட்டர் என்றால் விலை அப்படி. பழைய கார் என்றால் "இதுக்கு வண்டியையே எடைக்குப் போட்டுடலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் நிஜமாகவே போனது என்ன என்று பார்த்தால், பல நேரம் சில ரூபாய் சாமான்தான்!

இதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில் ஓடிய மிட்சுபிஷி எக்லிப்ஸ். கிறைஸ்லரும் மிட்சுபிஷியும் 1985-ல் கூட்டாகத் தொடங்கிய டயமண்ட் ஸ்டார் கம்பெனி, இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் (ஆமாம், ஊர் பெயரே அதுதான்) இதைத் தயாரித்தது. 1990 முதல் 1994 வரையிலான மாடல்களை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, கம்ப்யூட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர் ஒழுகும் என்பது.

கெப்பாசிட்டருக்குள் சுருட்டிய அலுமினியத் தகடும், ரசாயனத் திரவத்தில் நனைந்த காகிதமும் இருக்கும். கீழே ஒரு ரப்பர் மூடி. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. வருஷக்கணக்கில் சூடாகி ஆறியதும் திரவம் மெல்லக் கசிகிறது. மின்சாரத்தைச் சீராக்க வேண்டிய சாமான் அந்த வேலையை விட்டுவிடுகிறது. கசிந்த திரவமோ போர்டில் இருக்கும் செம்புக் கோடுகளை அரித்துத் தின்கிறது. ஐடிலில் வண்டி ஏறி இறங்கும். ஒரு நாள் கிளம்பும், மறுநாள் கிளம்பாது.

சரி, அப்படியானால் உடனே பெட்டியைக் கழற்றிவிடலாமா? கூடாது. தெரிந்தவர்கள் பெட்டியைக் கடைசியாகத்தான் சந்தேகப்படுவார்கள். முதலில் பேட்டரி, ஃப்யூஸ், பெட்டிக்கு வரும் கரண்ட், எர்த். துருப்பிடித்த ஒரு எர்த் வயர் போதும், நல்ல கம்ப்யூட்டரையும் பைத்தியமாகக் காட்ட. பிறகு சாவியைத் திருப்பிச் செக் இன்ஜின் விளக்கைப் பார்ப்பார்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பும் நன்றாக இருந்தால், பெட்டி விழிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அடுத்து சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட். அது இல்லை என்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் குற்றவாளி அந்தச் சென்சார்தான், பெட்டி நிரபராதி!

அந்தக் காலத்து எக்லிப்ஸில் கோளாறு கோடு படிக்க ஸ்கேனர் வேண்டாம். முள் வைத்த பழைய வோல்ட் மீட்டர் போதும். முள் இரண்டு முறை நீளமாக, ஒரு முறை குட்டையாக அசைந்தால் 21. அதாவது கூலன்ட் வெப்பச் சென்சார். அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் பொதுவான ஓபிடி 2 முறை கட்டாயமானது 1996 மாடல்களிலிருந்துதான்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறப்பது. இங்கே மீட்டருக்கு முன்னால் மூக்கு வேலை செய்யும். ஒழுகிய கெப்பாசிட்டர் அழுகிய மீன் போல நாறும்! புதிதாக 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்களை, பிளஸ் மைனஸ் மாறாமல் சால்டர் செய்து, போர்டை ஆல்கஹாலால் துடைத்து, அரித்த கோட்டுக்குப் பதில் மெல்லிய வயர் போட்டால் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன.

ஆனால் சிலர் தோற்பது இதற்குப் பிறகுதான். ஐடிலைக் கட்டுப்படுத்தும் சின்ன மோட்டாரின் சுருள் ஷார்ட் ஆகியிருந்தால், அதை இயக்கும் பாகம் பெட்டிக்குள் கருகிவிடும். கருகியதை மட்டும் மாற்றி மாட்டினால் புதியதும் கருகும். மோட்டாரின் சுருள் 28 முதல் 33 ஓம் காட்டுகிறதா என்று முதலிலேயே பார்த்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

"அதெல்லாம் எதுக்கு, பழைய வண்டியிலிருந்து வேறு பெட்டி வாங்கி மாட்டினால் போச்சு" என்பவர்களும் உண்டு. கஷ்டம் என்னவென்றால், அந்தப் பெட்டிக்கும் அதே வயசு, உள்ளே அதே கெப்பாசிட்டர். அதுவும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். நார்மல் தொழிற்சாலையில் மிட்சுபிஷி 2015-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. 2017-ல் அதை மின்சார வாகனக் கம்பெனியான ரிவியன் வாங்கிக்கொண்டது. ஆகவே கையில் இருக்கும் பெட்டியைப் பிழைக்க வைப்பதுதான் வழி.

"கம்ப்யூட்டர் போச்சு" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தப் பாகம் போச்சு, அது ஏன் போச்சு என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வராதவரை பர்ஸைத் திறக்காமல் இருப்பது நல்லது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தவர் அதே பெட்டியை மறுபடியும் திறக்க வேண்டி வரும்.