மோடம் அடுக்கா, பி.ஆர்.ஐ. லைனா?

ஆபீஸ் ஸ்டோர் ரூமை காலி பண்றாங்க. ஒரு பெட்டி நிறைய பழைய மோடம்.
"இவ்ளோ எதுக்கு சார் வாங்கினாங்க?"ன்னு புதுசா சேர்ந்த தம்பி கேட்டான்.

நல்ல கேள்வி.

98, 99ல வெளியூர்ல இருக்கறவங்க ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வரணும்னா போன் லைன்தான் வழி. எதை வாங்கறதுங்கறது பெரிய முடிவு.

சாதா போன் லைன் எட்டு, மோடம் எட்டு, விண்டோஸ் என்.டி. சர்வர்ல ஒரு மல்டிபோர்ட் சீரியல் கார்டு. செலவு கம்மி.
ஆனா அட்டைப்பெட்டில 56 கே-ன்னு போட்டிருந்தாலும் அந்த வேகம் வராது. ரெண்டு முனையும் அனலாக்னா 33.6தான் உச்சம்.

அந்த 56 கே வேகம் தர்ற வி.90 முறைக்கு ஆபீஸ் பக்கம் டிஜிட்டலா இருக்கணும். ஐ.எஸ்.டி.என். பி.ஆர்.ஐ. லைன், கூடவே சிஸ்கோ ஏ.எஸ்.5300 மாதிரி ஒரு ஆக்சஸ் சர்வர். ஒரே இணைப்புல 30 பேர் உள்ள வரலாம். அப்பவும் அந்த வேகம் டவுன்லோடுக்குத்தான், அப்லோடுக்கு இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கால்பேக்.
நாம கூப்பிட்டு பாஸ்வேர்டு கொடுத்ததும் சர்வர் லைனை கட் பண்ணும். பதிவு பண்ணி வெச்ச நம்பருக்கு அதுவே திருப்பிக் கூப்பிடும்.
பாஸ்வேர்டு திருடினவன் வெளியில நிப்பான். சேலத்துல வீட்ல இருந்து வேலை பாக்கறவருக்கு எஸ்.டி.டி. பில்லும் ஏறாது.
எவ்ளோ அழகான யோசனை!

பணம் இருந்தா பி.ஆர்.ஐ.தான்னு நான் இன்னிக்கும் சொல்வேன்.

உங்க ஆபீஸ்ல அப்ப எதை வாங்கினாங்க?