இரண்டு திறப்புகள்

போன மாதம் தம்பி வந்து நடு அறைச் சுவர் அலுமாரிக்கு முன்னால் நின்றான். "ராத்தா, வாப்பாட இந்தக் கதவு சும்மாதானே கிடக்கு, கழட்டித் தாங்களன்" என்றான். சும்மா கிடக்கவில்லை. என் பழைய சஞ்சிகைக் கட்டுகளும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அதற்குள் இருக்கின்றன. வயலுக்குப் பன்றியும் யானையும் மாறிமாறி வருகின்றன என்று பயிர்ப் பாதுகாப்புத் துவக்கொன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். யானை வெடிக்கு இப்போது யானை அசைவதில்லையாம். கட்டுத்துவக்கு வைக்காமல் சட்டப்படி கேட்கிறானே என்று ஒரு பக்கம் சந்தோஷம். மறுபக்கம், அந்தக் கதவு ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிகள் இரண்டில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். பத்து நாட்களுக்குள் ஏறாவூர். அதன்பிறகு இறக்காமத்தில் எங்கள் வீட்டிலும் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. வாப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு ஊர்காவல் படைக்குப் போனார். கையில் ஒற்றைக்குழல் துவக்கொன்றைக் கொடுத்தார்கள். அதைப் பாயோரம் வைத்துக்கொண்டுதான் படுப்பார். எங்களுக்கு அது பயமாக இருக்கவில்லை. அது இல்லாத இரவுதான் பயமாக இருந்தது.

1992 இல் ஒரு நாள் விடியக் காவல் முடிந்து வந்தவர், சுபஹ் தொழுதுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். தம்பிக்கு ஐந்து வயது. முற்றத்து மணலில் நான் கிடுகு முடைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசற்படியில் துவக்கை மடியில் கிடத்தி உட்கார்ந்திருந்தான். குழல் என் பக்கம். "ராத்தா, ஆமி" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கை விரல்களாலும் விசையை இழுத்தான். 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

அன்று வாப்பா குழலை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் படுத்திருந்தார். வழமையாக எடுப்பதில்லை. அந்த மாதிரித் துவக்கை மடிக்கும்போதே உள்ளே இருக்கும் சுத்தியல் பின்னுக்கு இழுபட்டு நின்றுவிடும், பிறகு ஒரு குழந்தையின் விரலே போதும் என்று பின்னாளில் அவரே சொன்னார். சத்தம் கேட்டு வந்த உம்மா தம்பியை அடிக்கவில்லை. துவக்கை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு போய் வாப்பாவின் தலைமாட்டில் போட்டா. அன்று பகல் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் மேசன் வந்தார். வீட்டில் செங்கல்லால் கட்டியது நடு அறை மட்டுமே. மற்றதெல்லாம் களிமண். அந்த அறையின் சுவருக்குள் ஐந்தடி உயரத்தில், ஓரடி ஆழத்தில் ஓர் அலுமாரி. அதில் குர்ஆனும், கிதாபுகளும், மூத்தம்மாவின் அறபுத்தமிழ் ஏடுகளும் இருந்தன.

"குர்ஆன் வச்ச எடத்துல துவக்கா?" என்றா உம்மா.

"வேற செவரு எங்க இரிக்கி?" என்றார் வாப்பா.

உம்மா கிதாபுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தன் பெட்டகத்தின் மேலே அடுக்கினா. நெடுநேரம் எடுத்துக்கொண்டா.

இறாக்கைகளில் மேலே இருந்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றினார்கள். பின்சுவர் ஒற்றைக் கல். வெளியில் நின்று ஒருவன் அலவாங்கால் நாலு குத்துக் குத்தினால் வழி விட்டுவிடும் என்று மேசன் சொன்னார். கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டதில் ஆழம் குறைந்தது. முதிரைப் பலகைக் கதவுக்கு உட்பக்கம் இரும்புத் தகடு அடித்தார்கள். பிணைச்சல்கள் உள்ளே. ஆமைப்பூட்டு மாட்டும் தகட்டின் ஆணிகளுக்குச் சுரையும் உள்ளே, வெளியில் நின்று யாரும் கழற்ற முடியாதபடி. அடியில் துவக்கின் பிடி நிற்க ஒரு குழி வைத்த பலகை. குழல் சாயும் இடத்தில் பழைய கம்பளித் துண்டு.

அந்த வருட மாரியில் பிழை தெரிந்தது. துவக்குக்கு உம்மா தைத்துக் கொடுத்த துணியுறை சுவரின் ஈரத்தைக் குடித்துக் குழலில் சிவப்பாகத் துரு பிடித்திருந்தது. வாப்பா முதலில் தேங்காயெண்ணெய் பூசினார். அது பிசினாகி ஒட்டிக்கொண்டது. பிறகு உறையை எறிந்துவிட்டு, தையல் மெசின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, கதவுக்கு மேலும் கீழும் சிறு துளைகள் போட்டு, ஒரு பையில் அடுப்புக்கரி கட்டி மூலையில் தொங்கவிட்டார். வாரத்துக்கொரு முறை கரியை வெயிலில் காயப்போடுவது என் வேலை.

தோட்டாக்களுக்கு மேல் இறாக்கையில் தனியாக ஒரு இரும்புப் பெட்டி, தனிப் பூட்டு. அங்கேதான் உம்மா தன் நிபந்தனையைச் சொன்னா. "இந்தத் தொறப்பு எனக்கிட்ட இரிக்கணும்." வாப்பா சிரித்தார். ஆனால் கொடுத்துவிட்டார். இரவில் காவலுக்குப் போகும்போதெல்லாம் அவவை எழுப்பி, தோட்டாக்களை எண்ணி வாங்க வேண்டும். விடியத் திரும்பி எண்ணிக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கை ஒருநாளும் பிசகியதாக எனக்கு ஞாபகமில்லை.

ஓர் இரவு மாத்திரம் திறப்பு காணாமற் போனது. அது காவல் முறை இல்லாத இரவு. பக்கத்தில் எங்கோ நம்மவர் இருவர் வயலில் வெட்டுப்பட்டதாகக் கதை வந்திருந்தது. கடப்படியில் ஏழெட்டுப் பேர் நின்று வாப்பாவைக் கூப்பிட்டார்கள். எங்கே போகிறார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் நம்முடைய கைகள் எப்போதும் சுத்தமாகவே இருந்தன என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வாப்பா அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்துக்கொண்டு திறப்பைக் கேட்டார். உம்மா, "காணல்ல" என்றா. வாப்பா அவவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துவக்கைத் திரும்ப வைத்துப் பூட்டிவிட்டுக் கடப்படிக்குப் போய், "தோட்டா இல்ல தம்பிமாரே" என்றார். விடிந்ததும் உம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் திறப்பை எடுத்தா. அதைப்பற்றி இருவரும் பேசி நான் கேட்டதேயில்லை.

பிறகு வாப்பா விலகித் துவக்கை ஒப்படைத்தார். அலுமாரி வீட்டோடு எனக்குச் சீதனமாக வந்தது. கிதாபுகளைத் திரும்ப வைக்கலாமே என்று நான் கேட்டபோது, எண்ணெய் மணம் போகட்டும் என்றா உம்மா. அவ மவுத்தாகும் வரை அது போகவில்லை. இப்போது என் சஞ்சிகைகளிலும் அந்த மணம்தான்.

தம்பி ஓடாவியோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போனான். தோட்டாப் பெட்டியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளி அவன் வயலுக்குப் போன நேரம் பார்த்து அவன் வீட்டுக்கு நானே எடுத்துப் போனேன். மச்சி குசினியில் இருந்தா. கடைக்குட்டிக்கு இப்போது ஐந்து வயது, அடுப்படியில் விளையாடிக்கொண்டிருந்தான். திறப்பை அவவின் கையில் வைத்து, முற்றத்து மணலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவ திறப்பை முந்தானையில் முடிந்தா. "இது அவருக்குத் தெரியுமா மச்சி?" என்று கேட்டா.

"தெரியாது" என்றேன்.