பூங்கா வாயிலில் ஒரு கேள்வி

கடுகண்ணாவையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போவதென்பது திட்டமிட வேண்டிய காரியமே அல்ல. கண்டிப் பக்கம் போகும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் பிலிமத்தலாவையைக் கடந்து பூங்காவின் வாசலருகே இறங்கிவிடலாம். பத்துக் கிலோமீற்றர் அளவுதான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த காலத்தில் விரிவுரை இல்லாத பொழுதுகளில் நினைத்தவுடன் போனவன் நான். அண்மையில் அதே பூங்காவுக்குப் போக மூன்று நாட்கள் குடும்பமாகக் கூடியிருந்து திட்டமிட்டோம்.

காரணம், ரொறன்ரோவிலிருந்து பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு தங்கை வந்திருந்தாள். கூடவே அவளுடைய பதினாறு வயது மகள். எண்பதை நெருங்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. நெடுந்தூரம் நடக்க முடியாது. பூங்காவோ 147 ஏக்கர். மூன்று புறமும் மகாவலி வளைந்தோட, உள்ளே மைல் கணக்கில் பாதைகள். எனவே காலை ஏழரைக்கு வாயில் திறக்கும் வேளையிலேயே போய்விடுவது, ஞாயிறும் போயா தினமும் வேண்டாம் என்று விடுவது, பிற்பகல் மழைக்கு முன் திரும்பிவிடுவது என்று முடிவு செய்தோம். மழையைப் பற்றி இப்போது எங்கள் ஊரில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோன இடத்தைக் கடந்துதான் தங்கையின் வாகனம் ஊருக்குள் வந்தது. அவள் அந்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னாள்.

இவையெல்லாம் எளிதாகவே முடிந்தன. நுழைவுச்சீட்டில்தான் சிக்கல் வந்தது.

பூங்காவில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம். வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு. தங்கையிடம் இருப்பது கனேடியக் கடவுச்சீட்டு. இரட்டைப் பிரசாவுரிமைக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே அந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்ற நாளிலேயே இந்நாட்டுப் பிரசாவுரிமையை இழந்துவிட்டாள். "நானும் மகளும் வெளிநாட்டுச் சீட்டு எடுத்துக்கொள்கிறோம் அண்ணே" என்றாள் சாதாரணமாக.

அம்மா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அவ பொறந்தது இந்த ஊருல. உள்ளூர்ச் சீட்டே எடு தம்பி. யாராச்சும் கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தேன். தங்கை சரளமாகச் சிங்களம் பேசுவாள்; முகத்தைப் பார்த்து யாரும் கேட்கப் போவதில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய விதிமீறல்களைப் பத்திரிகையில் எழுதிச் சோறு தின்றவனுக்கு, தன் வீட்டுக்கு என்று வரும்போது நாலு ரூபாய் மிச்சம் பிடிக்கும் யோசனைதான் முதலில் தோன்றியது.

அம்மாவின் கோபம் பணத்தைப் பற்றியதல்ல. வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். அம்மா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இலட்சக்கணக்கானோரில் அவருடைய பெற்றோரும் அடக்கம். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆட்களைத் தலைக்கணக்காகப் பிரித்துக்கொண்டபோதும் எங்கள் குடும்பத்தின் நிலை தீரவில்லை. அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்பா கடுகண்ணாவையில் சில்லறைக் கடை போட்டார். நானும் தங்கையும் இங்கேதான் பிறந்தோம். ஆனால் எந்த நாட்டின் பிரசைகளாகவும் பிறக்கவில்லை. 1988இல் வந்த சட்டத்தின் பின்னர்தான் எங்களுக்கு உரிமை கிடைத்தது. அந்தக் காகிதத்தை அம்மா இன்னும் தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். மகள் தானாகவே "நான் வெளிநாட்டுக்காரி" என்று சொல்லிப் பணம் கட்டுவதை அவர் எப்படிப் பொறுப்பார்?

தங்கையும் விட்டுக்கொடுக்கவில்லை. "சின்ன வயசில் பயந்து பயந்து பதில் சொன்னது போதும்மா. எந்த வாசலிலும் இனி நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் நடுவில் தலையிடாமல் இருந்துகொண்டேன். அது என் பழைய வழக்கம்.

வாயிலில் சீட்டு வழங்கியவர் சிங்களத்தில் இலங்கையரா என்று கேட்டார். தங்கையும் சிங்களத்திலேயே, பிறந்தது இங்கே, இப்போது இருப்பது கனடாவில் என்று பதில் சொல்லிக் கடவுச்சீட்டை எடுத்து வைத்தாள். அவர் ஒரு கணம் அவளையும் பின்னால் நின்ற அம்மாவையும் பார்த்தார். பிறகு உரிய சீட்டுகளைக் கொடுத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே அரை மணி நேரம் யாரும் அதிகம் பேசவில்லை. மருமகள் மட்டும் வாயிலருகே இருந்த அறிவிப்பை முழுமையாகப் படித்து, அதன்படி நடக்கிறோமா என்று எங்களைக் கண்காணித்தபடி வந்தாள். பூப் பறிக்காதே, மரத்தில் ஏறாதே, மரத்தில் எழுதாதே, குப்பை போடாதே. மழைக்காலத்தில் நாளொன்றுக்கு ஓரடிக்கு நெருக்கமாக வளரக்கூடிய ராட்சத மூங்கில்களின் அருகே போனதும் அவள் திகைத்து நின்றாள். மூங்கிலெங்கும் கத்தியாலும் சாவியாலும் கீறிய பெயர்கள், இதயங்கள், அம்புகள். மூன்று மொழிகளிலும் கீறியிருக்கிறார்கள். இந்த விடயத்தில் மட்டும் இனப் பாகுபாடே கிடையாது. குடைக்குள் தலைமறைத்து உட்கார்ந்திருக்கும் காதலர்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் உயிருள்ள தண்டைக் கீறித்தான் காதலை அறிவிக்க வேண்டுமா?

பெரிய புல்வெளியின் ஜாவா அத்தி மரத்தடியில் அம்மாவை உட்கார வைத்தோம். ஒரு கிராமத்தையே குடைக்குள் வைத்துக்கொள்ளும் மரம். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இந்தப் பூங்காவில்தான் நடத்தினார் என்று மருமகளுக்குச் சொன்னேன். 1821இல் அலெக்சாண்டர் மூன் இங்கே பூங்கா அமைத்தபோது முதலில் நட்டவற்றில் கோப்பியும் கறுவாவும் முக்கியமானவை. பிறகு தேயிலை. 1869 முதல் இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததும் தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867இல். அந்தச் செடிகளுக்குப் பின்னால் வந்தவர்கள்தான் உன் பாட்டியின் முன்னோர் என்றேன். "அப்படியானால் நாங்களும் இந்தத் தோட்டத்தால் வந்தவர்களா?" என்று கேட்டாள். நான் அதை அப்படி யோசித்ததே இல்லை.

திரும்பும் வழியில் நாகலிங்க மரம். 1901இல், பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியாரும் நட்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மரத்தைச் சிங்களவர் புத்தரோடு தொடர்புபடுத்திச் 'சல்' என்று போற்றுகிறார்கள். நாமோ பூவுக்குள் சிவலிங்கத்தையும் படமெடுத்த பாம்பையும் கண்டு கும்பிடுகிறோம். தரையில் விழுந்து கிடந்த ஒரு பூவை அம்மா குனிந்து எடுத்தார்.

"பாட்டி, எடுக்கக் கூடாது."

"பறிக்கலையே தாயி, விழுந்ததுதானே. சாமிக்கு."

"விழுந்ததும் தோட்டத்துடையதுதான்."

தங்கை சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். "இந்த மரத்திடம் எந்தச் சீட்டு கேட்பார்கள் அண்ணே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அம்மாவுக்கு அது கேட்டதோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. பூவை வேரடியிலேயே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா என் பக்கம் சாய்ந்து, விட்டுப்போன பிரசாவுரிமையைத் திரும்ப வாங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழியுண்டு, கட்டணமும் உண்டு, முன்பு இந்நாட்டுப் பிரசையாக இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும் என்றேன். முன் இருக்கையில் தங்கை திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தகரப் பெட்டியைத் திறந்தார். காகிதத்தின் மடிப்புகள் இற்றுப்போயிருந்தன. "இத ரெண்டு கொப்பி எடுத்துட்டு வா தம்பி. மழை வர்றதுக்குள்ள போ" என்றார்.