28ஆவது இடம்

ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குவது எங்கள் வீட்டில் என் வேலை. பி.காம் படிக்கிறவள், சில்லறைக் கணக்கில் ஏமாற மாட்டாள் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. (காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்தது தெரிந்தும்!) போன வாரம் போனபோது வழக்கமான மீன்கார அக்கா ஐஸ் பாரைக் கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பனியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும். எனக்கோ முந்தின ராத்திரி நெட்டில் படித்த பனிச்சறுக்கு ஞாபகம்.

1964, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் குளிர்கால ஒலிம்பிக். கிறிஸ்டின், மரியேல் என்று இரண்டு பிரெஞ்சு சகோதரிகள், கொய்ஷெல் குடும்பம். ஸ்லாலத்தில் அக்காவுக்குத் தங்கம், தங்கைக்கு வெள்ளி. இரண்டே நாளில் ஜெயண்ட் ஸ்லாலம். இந்த முறை தங்கைக்குத் தங்கம், அக்காவுக்கு வெள்ளி! சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டில். காகிதம் இன்னும் இரண்டு வருஷம் தாமதமாகியிருந்தால் அது 'நம்ம' மெடல் என்று இங்கே சிலர் மீசையை முறுக்கியிருப்பார்கள்.

அதே ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஒரே ஒரு ஆள், ஜெரமி புஜகோவ்ஸ்கி. ஒரு இந்தியப் பெண் போக இன்னும் 24 வருஷம் ஆனது. ஷைலஜா குமார், 1988, கனடாவின் கால்கரி. ஸ்லாலத்தில் 28ஆவது இடம். பட்டியலில் கடைசி.

நானும் முதலில் 'ப்ச்' என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஸ்லாலம் என்றால் என்னவென்று படித்தேன். சரிவில் நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கணும். ஒரு கேட்டை விட்டாலும் அவுட். அதையே வேறு தடத்தில் இரண்டாவது முறையும் செய்யணும், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். அன்றைக்குக் கிளம்பிய பலர் பட்டியலிலேயே இல்லை. அந்தக் கடைசி இடத்துக்குக் கீழே அவ்வளவு பேர் இருக்கிறார்கள். ரேங்க் மட்டும் பார்த்தால் இது தெரியாது.

அக்காவிடம் சொன்னேன். "ஐஸ் மலையில சறுக்கற ரேஸுக்கா. நம்ம நாட்டுலேர்ந்து போன மொத பொண்ணு. கடைசியா வந்தாங்க."

"முடிச்சிச்சா?"

"ம்... ரெண்டு ரவுண்டும்."

"அப்பறம் இன்னா?" என்று சங்கராவைத் தராசில் போட்டார்.

2018 ஜனவரியில் மணாலி பக்கத்துப் பெண் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் ஸ்லாலம் வெண்கலம் வாங்கியதையும் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவர் அவசரப்படுத்தினார்.

அரியர் ஃபாரம் இரண்டு வாரமாகப் பையில் மடங்கிக் கிடந்தது. புதன்கிழமை கடைசி நாள். வீட்டுக்கு வந்து மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பேனாவைத் தேடினேன்.