பெரிய வண்டிக்கு முதல் செலவு

ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பெரிய வண்டி புதிதில்லை. மறைமலை நகரில் ஃபோர்டு பல வருடம் எண்டவர் செய்தது. அதற்குத் தெற்கே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ 2007 முதல் கார் அசெம்பிள் செய்கிறது. எக்ஸ்7 கூட அங்கிருந்துதான் வெளியே வருகிறது. இப்போது தாம்பரத்து டிஎன் 11 நம்பரோடு டிஃபெண்டரும் லேண்ட் குரூஸரும் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் தெருக்களில் மாட்டுக்கு வழிவிட்டு நிற்கின்றன. வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முதல்ல என்ன மாட்டலாம்?"

மச்சான் கேட்டதும் அதுவே. டிஃபெண்டர் 110, 22 அங்குல ரிம். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: ஸ்னார்க்கல், முன்னால் இரும்பு பம்பர், கூரையில் லைட் வரிசை, பக்கத்தில் ஏணி. டயர் அதில் இல்லவே இல்லை. அவருக்காகக் குறித்து வைத்தவை கீழே.

*

டயர். கம்பெனியே டிஃபெண்டருக்குத் தரும் அளவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். 275/45 ஆர்22 என்றால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுமார் 124 மில்லிமீட்டர். 255/60 ஆர்20-ல் 153. 255/70 ஆர்18-ல் 178. வெளிவிட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஸ்பீடோமீட்டர் கணக்கு கெடாது, கியர் கணக்கும் கெடாது. ரிம் சிறுத்த இடத்தில் ரப்பர் வந்து உட்காருகிறது, அவ்வளவே.

22-க்கும் 18-க்கும் வித்தியாசமாக வரும் அந்த ஐந்து சென்டிமீட்டர் ரப்பரை வைத்துத்தான் எல்லாமே. குழாய் புதைக்கத் தோண்டி, பாதி மூடிவிட்டுப் போன தெரு நம் பக்கம் எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். அதில் 22 அங்குலச் சக்கரம் இறங்கினால் டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கிப் புடைத்துக்கொள்ளும். அந்த டயர் போச்சு. மணலிலோ சேற்றிலோ போவதானால் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் நீளவாக்கில் பரவித் தரையைப் பிடிக்கும். பக்கச்சுவரே இல்லாத டயரில் எதை இறக்குவது?

ஆகவே முதல் மாற்றம், ஷோரூமில் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ரிம்மைக் கழற்றி வைப்பது. 18 எல்லா ரகத்துக்கும் உட்காராது. வி8 போன்ற பெரிய எஞ்சின்காரர்களுக்கு பிரேக் பெரியது, இடிக்கும். 20 பெரும்பாலோருக்குப் போதும்.

ரகம்: ஆல்-டெரைன். மட்-டெரைன் வேண்டாம். அது சேற்றில் ராஜா; மழையில் நனைந்த ஜிஎஸ்டி ரோட்டில் பிரேக் போட்டால் நிற்க யோசிக்கும். ஆல்-டெரைனிலும் ஈரத்தில் நிற்கும் தூரம் கொஞ்சம் கூடும், ஈசிஆரில் சத்தம் வரும், டீசலும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

டயரில் எழுதியிருக்கும் சுமை எண்ணைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். 113 என்றால் 1,150. இரண்டரை டன் வண்டியில் ஏழு பேரும் சாமானும் ஏறினால் இந்த வித்தியாசம் பெரிது. "இதுவும் உட்காரும் சார்" என்று கடையில் சொல்வார்கள். உட்காரும்தான். தாங்குமா என்பதுதான் கேள்வி. ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்க வேண்டும். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் வேறு விட்டத்தில் ஓடினால் நடு டிஃபரன்ஷியலுக்கு ஆகாது.

*

டயருக்கு அடுத்து ஒரு நல்ல கம்ப்ரஸர், காற்று அளக்கும் கேஜ். காற்றை இறக்கியவன் தார் ரோடு ஏறுமுன் ஏற்றியாக வேண்டும். பங்க் வரை போய்க்கொள்ளலாம் என்றால் ரிம் கையோடு வரும்.

*

உயரம் கூட்டும் கிட். ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிஃபெண்டர் பட்டனை அழுத்தினால் 75 மில்லிமீட்டர் ஏறும். அடி தட்டி மாட்டிக்கொண்டால் இன்னும் 70 ஏறும். இதற்கு மேல் காசு கொடுத்து எதற்கு ஏற்றுவது? சென்சார் கம்பியை மாற்றி கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலையும் சிலர் செய்கிறார்கள். நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

*

மாட்டிக்கொண்டால் வெளியே வருவது. களிமண்ணில் புதைந்த வண்டிக்கு நம் ஊரில் மருந்து ஜேசிபி. வண்டியை எந்த இடத்தில் கட்டி இழுக்கிறார்கள் என்பதில்தான் ஆபத்து. பம்பரில் மூடியைத் திறந்து திருகி மாட்டும் வளையம் தார் ரோட்டில் மெதுவாக இழுத்துப் போகத்தான். பல வண்டிகளில் அது உதறி இழுப்பதைத் தாங்காது. பின்னால் டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிறு கட்டுவது அதைவிட மோசம். பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொல்லும். சேஸிஸோடு சேர்ந்த, எடை குறிக்கப்பட்ட இழுவைப் புள்ளி முன்னும் பின்னும் இருக்கிறதா என்று மேனுவலில் பார்க்க வேண்டும். இருந்தால் இரண்டு ஷேக்கிள், ஒரு நல்ல கயிறு, சக்கரத்துக்கு அடியில் தள்ளும் பலகை இரண்டு, ஒரு மண்வெட்டி. மொத்தச் செலவு மச்சான் பார்த்து வைத்த பம்பரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

*

பம்பர், லைட். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இரும்பு கிராஷ் கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தை விடுங்கள்; மோதும்போது ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கையே அந்த இரும்பு குழப்பிவிடும். கம்பெனி அனுமதித்த ரிம், டயர் அளவுக்குள் நின்றால் இந்தத் தலைவலி வராது.

கூரையில் லைட் வரிசை: பெருங்களத்தூர் நெரிசலில் எதிரே வருபவனுக்கு அதைவிடக் கொடுமை இல்லை.

*

மண்ணிலும் சேற்றிலும் ஓட்டிப் பழக இடம்? தாம்பரத்தைச் சுற்றி சட்டப்படி இடமே கிடையாது. வண்டலூர், நன்மங்கலம் காப்புக்காடுகள். பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சர் தலம். ஏரிக்கரையில் ஏற்றினால் கரை உடையும். நீலாங்கரை கடற்கரையில் ஜனவரியிலிருந்து பங்குனி ஆமை முட்டையிடும். செங்கல்பட்டு தாண்டி யாராவது தன் சொந்த நிலத்தில் விட்டால் உண்டு.

*

கடைசியாக ஸ்னார்க்கல். மச்சான் மனம் இதில்தான். முடிச்சூர்க்காரரிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினால் சிரிக்கவும் முடியாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததைத் திட்டுவார்கள், ஆனால் அதன் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. இங்கே ஏறியது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் கலங்கல் தண்ணீர். இத்தனை மணிக்கு இத்தனை கனஅடி என்று அது அறிவித்துவிட்டு வராது. ராத்திரியில் வரும், வேகமாக வரும்.

டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனோடு 900 மில்லிமீட்டர் நிற்கும் தண்ணீரைக் கடக்கும் என்கிறது கம்பெனி. இடுப்பளவு. அதற்கு மேல் ஸ்னார்க்கல் எஞ்சினுக்குக் காற்று தரும். வண்டிக்குள் இருக்கும் வயரையும் கம்ப்யூட்டரையும் காப்பாற்றாது. ஓடும் தண்ணீரில் 60 சென்டிமீட்டரே பெரிய வண்டியைக்கூட இழுத்துப் போய்விடும். மூடியில்லாத வடிகால் எங்கே இருக்கிறது என்று எந்த கேமராவும் காட்டாது. முன்னால் ஒருவர் கம்போடு நடந்தால்தான் தெரியும். ஸ்னார்க்கலுக்கான பணத்தை எஞ்சின் பாதுகாப்பு சேர்த்த இன்ஷூரன்ஸில் போடலாம். சாதாரண பாலிசியில், தண்ணீரில் நின்ற எஞ்சினை மறுபடி முடுக்கிக் கெடுத்தால் பொதுவாகக் காசு வராது. 2023 மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்களே, அதற்கு ஈடான ஸ்னார்க்கல் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. தேங்கிய தெருவில் பெரிய வண்டி விரைந்து போனால் எழும் அலை இரண்டு பக்கமும் வீட்டுப் படியேறி உள்ளே போகிறது. மணல் மூட்டை அடுக்கி, மிக்ஸியையும் அரிசி மூட்டையையும் கட்டில்மேல் ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். வரதராஜபுரம், முடிச்சூர் பக்கம் மழையில் வருகிறவர்கள், எந்த வண்டியானாலும், நடக்கிற வேகத்துக்கு மேல் போகாதீர்கள்.