பதினெட்டு நிமிஷம்

விமர்சனம் எழுதுகிறவனுக்கு நம் ஊரில் நண்பர்கள் குறைவு. படம் நன்றாயில்லை என்று எழுதினால் படம் எடுத்தவர்களுக்குக் கோபம். நன்றாயிருக்கிறது என்று எழுதினால், அதை நம்பிக் குடும்பத்தோடு போய்ப் பணத்தைச் செலவழித்து விட்டு வந்தவர்களுக்குக் கோபம். இந்த இரண்டு கோபங்களுக்கும் நடுவே நாம் இத்தனை வருஷமாக உயிரோடிருப்பதே ஓர் ஆச்சரியந்தான்! ஆனால் இப்போது விமர்சகனைப் பிடித்திருக்கும் வியாதி கோபமல்ல, அவசரம்.

1977-ம் வருஷத்தில் "16 வயதினிலே" வெளிவந்தபோது ஆனந்த விகடன் நூற்றுக்கு 62½ மார்க் கொடுத்தது. அந்த அரை மார்க்கை நினைக்க நினைக்க நமக்கு ஆனந்தமாயிருக்கிறது. அறுபத்திரண்டா, அறுபத்து மூன்றா என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் அல்லவா? யோசிப்பதற்கு அவகாசமும் இருந்திருக்கிறது. இன்றோ, படம் முடிந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வாசலில் ஒரு வாலிபர் ஒலிவாங்கியை நம் மூக்கருகே நீட்டுகிறார். "ஸார், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்!" என்கிறார். மூன்று மணி நேரப் படத்தை ஒரே வார்த்தையில் சொல்ல முடியுமானால், எடுத்தவர்களே அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்க மாட்டார்களா?

இந்த அவசரத்தினால் என்ன நேருகிறது என்பதற்கு "மெய்யழகன்" படத்தின் கதையே போதும். "96" எடுத்த பிரேம்குமாரின் படம்; 2024 செப்டம்பர் 27-ந் தேதி வெளியாயிற்று. குடும்பத் தகராறில் 1996-ல் தஞ்சாவூர் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன அருள்மொழி, இருபத்திரண்டு வருஷங் கழித்துத் தங்கை முறையான ஒரு பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். அங்கே ஒருவன், "அத்தான், அத்தான்" என்று அவனை விடாமல் சுற்றிச் சுற்றி வந்து உபசாரம் செய்கிறான். அவன் யார், பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். (பெயரோ கொட்டகை வாசலில் ஆள் உயர எழுத்தில் போட்டிருக்கிறது. தெரியாதவர் அருள்மொழி ஒருவர்தாம்!) அரவிந்த்சாமியின் முகத்தில் அந்தச் சங்கடம் கொஞ்சங் கொஞ்சமாக வெட்கமாக மாறுவதும், கார்த்தி எதையும் கவனிக்காதவர் போல் பேசிக்கொண்டே போவதும் வெகு உயர்ந்த நடிப்பு.

படத்தில் சண்டை இல்லை, வில்லன் இல்லை. இரண்டு பேர் ஓர் இரவு முழுவதும் பேசுகிறார்கள். அவ்வளவுதான். பேச்சு நீளம் என்று முதல் நாளே பலர் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு உடனே நிறைவேறியது. சில தினங்களுக்குள் சுமார் 18 நிமிஷம் வெட்டப்பட்டு, குறைந்த படமே கொட்டகைகளில் ஓடிற்று.

நாம் முழுப் படத்தையும் பார்த்தோம். பிறகு குறைந்த படத்தையும் பார்த்தோம். பேச்சு சில இடங்களில் நீண்டுதான் போயிற்று; அதை மறுப்பதற்கில்லை. பின்பாதியில் நாமே ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தோம். ஆனால் கிராமத்து உறவினர் வீட்டில் போய்த் தங்கியவர்களுக்குத் தெரியும். "நேரமாயிற்று, புறப்படுகிறேன்" என்று நாம் எழுந்த பிறகுதான் அவர்கள் முக்கியமான விஷயத்தை ஆரம்பிப்பார்கள். அந்தத் தாமதமே அந்தப் படத்தின் விஷயம். தஞ்சாவூரை விட்டுப் போகும்போது அருள்மொழியின் குடும்பத்தார் விட்டுச் சென்ற ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தைக் கரையேற்றியிருக்கிறது. விட்டுப் போனவர்களுக்கு அது நினைவிலேயே இல்லை. இந்தச் செய்தி நம் மனத்தில் தைப்பதற்கு முன்னால், சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஓர் இரவு வேண்டியிருக்கிறது. குறைந்த படத்தில் சைக்கிள் இருக்கிறது. இரவு சற்றுச் சுருங்கி விட்டது.

அதற்காக விமர்சகர்களின் வாயை மூடிவிட வேண்டும் என்று சொல்வோர் கட்சியில் நாம் இல்லை. அதே வருஷம் டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், புதுப் படம் வந்தால் முதல் மூன்று நாள் யாரும் விமர்சிக்கக் கூடாதென்று உத்தரவு கேட்டார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தைச் சேர்ந்தது என்று சொல்லிக் கோர்ட்டார் தடை விதிக்க மறுத்தது நியாயமே. மூன்று நாள் காத்திருப்பது நல்ல வழக்கந்தான். ஆனால் அது சட்டம் போட்டு வரவேண்டிய வழக்கமல்ல.

வீட்டுத் திரையில் வரும் தொடர்களிலாவது அவசரம் குறையுமென்று பார்த்தால், அங்கே இன்னும் மோசம். புஷ்கர், காயத்ரி தம்பதிகள் உருவாக்கிய "சுழல்" 2022 ஜூனில் வந்தது. எட்டு அத்தியாயங்களையும் ஒரே நாளில் கொட்டிவிட்டார்கள். நம் வீட்டு இளைஞர்கள் ஒரே இரவில் எட்டையும் விழுங்கிவிட்டு, மறுநாள் காலையில் கண் சிவக்க வந்து, "பரவாயில்லை" என்றார்கள். எஜமானி அம்மாளோ தினம் ஓர் அத்தியாயத்துக்கு மேல் பார்ப்பதில்லை என்று விரதம் பூண்டாள். தினம் ஓர் ஆள் மேல் சந்தேகப்பட்டாள். மூன்றாம் நாள் பார்த்திபன். ஐந்தாம் நாள் சொல்லத் தகாத வேறொருவர். காணாமற்போன பெண்ணைத் தேடும் கதையோடு மயானக் கொள்ளைத் திருவிழாவும் சேர்ந்தே நடக்கிறது. திருவிழா வளர வளரப் பயமும் வளர்வது நல்ல யுக்தி. முதல் நான்கு அத்தியாயங்களைப் பிரம்மாவும், அடுத்த நான்கை அனுசரணும் டைரக்ட் செய்திருக்கிறார்கள். கை மாறியது எங்கே என்று கண்டுபிடித்ததும் எஜமானி அம்மாள்தான். ஒரே இரவில் விழுங்கியவர்களுக்கு அது தெரியவில்லை.

இவை எல்லாவற்றிலும் அவசரத்துக்குச் சற்றும் இடங் கொடாதது சித்திரக் கதைதான். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து "முத்து காமிக்ஸ்" முதல் இதழாக "இரும்புக்கை மாயாவி" புறப்பட்டான். பாடப் புஸ்தகத்துக்குள் ஒளிந்துகொண்டு எத்தனையோ வகுப்பறைகளுக்குள் அவன் போய் வந்திருக்கிறான். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் என்றால், பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? ஆங்கில மூலத்துக்குச் சித்திரம் வரைந்தவர் ஹெஸூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் தேசத்தார். வெறும் கறுப்பு வெள்ளையில் அவர் போட்டிருக்கும் நிழல்களைப் பார்க்க வேண்டும்! ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாக நம்மை நம்ப வைத்துவிடுகிறார்.

சமீபத்தில் அந்தப் புஸ்தகத்தைப் பேரனிடம் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, மறுபடியும் முதற் பக்கத்தைப் புரட்டினான். "எத்தனை மார்க்கடா?" என்று கேட்டோம்.

"இப்போதுதான் கதையைப் படித்திருக்கிறேன், தாத்தா. இனிமேல்தான் படத்தைப் பார்க்க வேண்டும்" என்றான்.

புஸ்தகம் இன்னும் அவனிடந்தான் இருக்கிறது. அது திரும்பி வந்ததும் மிச்ச விமர்சனத்தை எழுதுகிறோம்.