இரண்டாம் பாகம் எப்போ?

நாலு வருஷத்துக்கு முன்னால் என் நாவல் வந்தது. சின்னப் புத்தகம். அதுக்கப்புறம் நான் எங்கே போனாலும் இந்த ஒரே கேள்விதான். மதுரையில் ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் காலேஜ் பையன் ஒருத்தன் ஓடி வந்து கேட்டான். பதிப்பகத்துக்காரர் மார்கழி பிறந்தால் போதும், போன் போட்டுவிடுவார். தையில் சென்னைப் புத்தகக் காட்சி. "முதல் பாகம் பேசப்படுது, சூட்டோட சூடா ரெண்டாவதைக் குடுத்துருங்க" என்கிறார். இட்லிக் கடைக்காரர்கூட இத்தனை அவசரப்படுத்த மாட்டார்.

நாவல் எங்கள் பக்கத்துக் கதைதான். சிவகிரியிலிருந்து மலையைப் பார்க்கப் போனால் வயலும் எலுமிச்சைத் தோட்டமும் வரும். அங்கே ஒரு தெரு. ஒரு கிழவர் செத்துப்போகிறார். பிணத்தை வரப்பு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறிக்கிறார்கள். கிழவரின் மருமகள் பாடையை அங்கேயே இறக்கச் சொல்லி, "வழி விடுற வரைக்கும் நவுரமாட்டேன்" என்று சேற்றில் உட்கார்ந்துவிடுகிறாள். அடிக்கிறார்கள். அடிபட்டவள் ஈரச் சேலையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறாள். புகாரில் அவள் பெருவிரல் ரேகையை வைக்கிற இடத்தில் நாவலை முடித்தேன். பெயர், உறவு, தெரு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதினேன். ஆனால் எங்கள் தெருவுக்குத் தெரியும், அவள் எனக்குப் பெரியம்மை முறை என்று.

வாசகர்கள் கேட்பதில் தப்பு இல்லை. கேஸ் ஜெயித்ததா, அவனுகளை உள்ளே போட்டார்களா என்று கேட்கிறவர்கள் நம் ஜனங்கள். ஒரு தடவையாவது ஜெயித்துப் பார்க்க ஆசைப்படுகிற ஜனங்கள். எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு சாரார்தான். ஒரு கருத்தரங்கில் மேடையிலிருந்த பேராசிரியர் ஒருவர், "அடுத்த பாகத்தில் அந்த வலி இன்னும் தீவிரமாக வர வேண்டும்" என்றார். நான் என்ன வலிக்கு ஏஜென்சி எடுத்தா வைத்திருக்கிறேன்?

தொடர்ச்சி கேட்கிற பழக்கம் தமிழ் வாசகர்களுக்குப் பழசு. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அவ்வளவு எழுதி முடித்த பிறகும் யார் யார் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள்; அதை முடிவுரையில் தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் காலத்துக்குப் பிறகு மற்றவர்கள் அதன் தொடர்ச்சியை எழுதினார்கள். எழுதலாம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜா வந்து யாரையும் கேட்கப்போவதில்லை. என் கதாநாயகியோ தெருக்குழாயில் எனக்கு முன்னால் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ரேகை வைத்த பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறேன்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன்படி வழக்கு பதிவானால் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை உண்டு. எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பங்கு, தண்டனை கிடைத்தால் மீதி. அடிதடி கேஸ்போலக் கீழ்க்கோர்ட்டில் ராஜி எழுதி இதை முடித்துக்கொள்ள முடியாது. அதனால் ராஜி கோர்ட்டுக்கு வெளியே நடக்கும். கூண்டில் ஏறியவர், "இருட்டா இருந்துச்சு, யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். பிறழ்சாட்சி என்று எழுதிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் எத்தனை கேஸ் இப்படி முடிந்தது என்று இயக்க வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

பெரியம்மையும் அதைத்தான் சொன்னாள். மூணு வருஷம் வாய்தாவுக்கு அலைந்தவள். வாய்தா அன்றைக்குக் கூலி போச்சு. நடுவைக்கும் களையெடுப்புக்கும் அவளைக் கூப்பிடக் கூடாது என்று அவர்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேரப் பணம் வேண்டும். பேச்சுவார்த்தை என்று ஆள் வந்தது. அவள் பணத்தோடு இன்னொன்றும் கேட்டாள். வாய்க்கால் கரையை வெட்டி அகலப்படுத்திச் சுடுகாட்டுக்குப் பாதை விடணும். விட்டார்கள். அவள் கூண்டில் ஏறினாள், யாரையும் தெரியலை என்றாள். எதிரிகள் விடுதலை. இன்றைக்கு எங்கள் தெருப் பிணம் அந்தக் கரைவழியாகத்தான் போகிறது. மழைக்காலத்திலும் போகிறது.

இது வெற்றியா, தோல்வியா? இரண்டாம் பாகம் கேட்கிறவர்களிடம் இதை எந்தக் கையில் எடுத்துக் கொடுப்பது?

தோழர்கள் எழுத வேண்டாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி அதைத் தளர்த்தியது. ஏப்ரல் 2 பாரத் பந்த் நடந்து, உயிர்ப்பலி ஆகி, ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் சட்டம் பழைய நிலைக்கு வந்தது. "நீ இதை எழுதினா, எல்லாம் பொய்க்கேஸ்னு சொல்றவனுக்கு நாமே சாட்சி எழுதிக் குடுத்தமாதிரி ஆயிரும்" என்றார் ஒரு தோழர். ராத்திரி பூராவும் அந்தச் சொல் மண்டைக்குள் கிடந்தது. ஆனால் பொய்க்கேஸ் வேறு, உண்மையான கேஸைப் பட்டினி போட்டுக் கொல்வது வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்ல நோட்டீஸால் முடியாது. நாவலால்தான் முடியும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்குத் துணை ப. சிவகாமி. 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. (எம்.ஏ. படிக்கும்போது அந்தத் தலைப்பைப் பார்த்து நன்னூல் உரையாக்கும் என்று ஒதுக்கிவைத்த சிநேகிதி எனக்கு உண்டு.) தங்கம் என்கிற தலித் விதவை ஆதிக்க சாதிக்காரர்களிடம் அடிபட்டு, காத்தமுத்து என்ற தலித் தலைவரிடம் வருகிறாள். அவர் அவளுக்காக நிற்கிறார், நஷ்டஈடு வாங்கித் தருகிறார், பிறகு ஏற்கெனவே இரண்டு மனைவிகள் இருக்கிற வீட்டில் அவளையும் சேர்த்துக்கொள்கிறார். மகள் கௌரி எல்லாவற்றையும் பார்க்கிறாள். நம்ம தலைவரை நாமே இப்படிக் காட்டலாமா என்று அப்போதே கேள்வி எழுந்தது. அதற்குச் சிவகாமி அடுத்த வருஷமே பதில் எழுதிவிடவில்லை. 1992இல் 'ஆனந்தாயி' என்று வேறொரு நாவல் எழுதினார். ஐ.ஏ.எஸ். வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய பத்து வருஷம் கழித்துத்தான் அதே தலைப்போடு 'ஆசிரியர் குறிப்பு' என்று சேர்த்து ஒரு தொடர்ச்சி வந்தது. அதில் கௌரிக்குக் கல்யாணம் ஆச்சா, காத்தமுத்து திருந்தினாரா என்பது முக்கியமில்லை. நாவலை எழுதியவளே ஊருக்குத் திரும்பிப் போகிறாள். தான் எழுதியதில் எது நடந்தது, எது தன் கோபம், யாருடைய பக்கம் விட்டுப்போனது என்று தன்னையே விசாரிக்கிறாள். வாசகர்கள் கேட்ட இரண்டாம் பாகம் அது இல்லை. அவர்கள் கேட்கத் தெரியாமல் விட்ட இரண்டாம் பாகம். 2006இல் இரண்டையும் அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். தமிழ் நாவலில் இதற்கு ஈடாக இன்னொன்றை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

எங்களுக்கு வடக்கே புதுப்பட்டிக்காரர் பாமா. 1992இல் 'கருக்கு' வந்தபோது ஊர் ஜனங்களே கோபப்பட்டார்கள். ஊருக்குள் போக முடியாமல் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு அந்த ஊரே அதைத் தன் புத்தகமாக எடுத்துக்கொண்டது. 'சங்கதி' 1994இல் வந்தது. தனித்து வாழ்கிற தலித் பெண்ணின் வாழ்க்கையாக 'மனுசி' வர 2011 ஆயிற்று. அதற்குள் அவர் வாழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வாழாததை எப்படி எழுதுவது?

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. தகப்பனும் மகனும் சரணடையப் போகிற இடத்தில் முடிகிறது. அதுக்கப்புறம் என்ன என்று அவர் எழுதவேயில்லை. 2019இல் 'அசுரன்' சினிமாவாக வந்தபோது சினிமாக்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டார்கள். பூமணி வருஷக்கணக்கில் ஆவணம் தேடி, 2012இல் ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய 'அஞ்ஞாடி'யைக் கொடுத்தார். இவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று எனக்குத் தைரியம் கொடுப்பது அவர்.

பயம் கொடுப்பது யாழ்ப்பாணத்து கே. டானியல். 1972இல் 'பஞ்சமர்', பிறகு 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்', 'தண்ணீர்'. ஒரு ஜனத்தின் கதையை வேறுவேறு காலத்திலிருந்து வேறுவேறு நாவலாக எழுதினார். ஒவ்வொன்றும் தனியாகவும் நிற்கும், அடுத்தடுத்து வைத்தால் ஒரே நாவல்போலவும் இருக்கும். 1986இல் தஞ்சாவூரில் இறந்துபோனார். எழுதியதில் சில அவர் போன பிறகுதான் அச்சில் வந்தன. காலம் எல்லாருக்கும் பூமணிக்குக் கொடுத்த மாதிரி கொடுக்காது.

என் வேகத்தை நான் மட்டும் தீர்மானிக்கவும் முடியவில்லை. பகலில் கேஸ், மனு, ஸ்டேஷன். ராத்திரி பத்துக்கு மேலேதான் நோட்டு. ஒரு பக்கம் எழுதினால் அரைப் பக்கம் நிற்கும். அதுவல்ல பெரிசு. போன ஆடியில் பெரியம்மையிடமே கேட்டுவிட்டேன், எழுதட்டுமா என்று.

"எழுதாம? மொதப் பொஸ்தவத்துல என்னிய வீராப்பாக் காமிச்சிட்ட. படிச்சவுகள்லாம் வந்து கையெடுத்துக் கும்புடுதாக. எனக்குத்தான் கூசுது. நான் கூண்டுல ஏறிச் சொன்னதையும் எழுது. எதுக்குச் சொன்னேன்னும் எழுது."

"இயக்கத்துல வேண்டாங்காவ, பெரியம்ம."

"அவுக வாய்க்காக்கரையில பொணம் தூக்கிட்டு வரட்டும், பேசிக்கிடுவோம்." கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றாள். "ஆனா ஒண்ணுடி. எம் மக நர்சிங் முடிக்கட்டும். காசு வாங்கிப் படிச்சவன்னு அங்கன யாரும் அவளப் பேசிறக் கூடாது. அவ வேலைக்குப் போன பொறவு அச்சுல போடு. அதுக்கு முன்ன எழுதி எங்கிட்ட வாசிச்சுக் காட்டு."

பதிப்பகத்துக்காரரிடம், இன்னும் இரண்டு தைக்கு என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் மக்கள் மறந்துவிடுவார்கள் என்றார். மறந்தால் மறக்கட்டும்.

கூண்டில் ஏறுகிற அத்தியாயத்தை எழுதிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். மகள் ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். உள்ளே துணி மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் பெரியம்மை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் எங்கடி அழுதேன்? அழல. தண்ணி குடிக்கணும்போல இருந்துச்சு. கேட்டா குடுப்பானோ மாட்டானோன்னு கேக்கல. அத எழுது."